பெல்ற் அறுந்த எஞ்சினும் வீட்டு முற்றமும்

மோட்டார் வண்டி வீதியிற் சென்றுகொண்டிருக்கின்றது. இருமலில்லை, திக்கலில்லை, புகையில்லை; விளக்கை அணைத்தாற்போல எஞ்சின் நின்றுவிடுகின்றது. சாரதி சாவியைத் திருப்புகின்றார். ஸ்ராற்றர் சுழல்கின்றது, ஆயின் வழக்கம்போல ஏறியிறங்கும் ஓசையோடு சுழலாமல், தடை யாதுமின்றி, ஒரே சீராக, முன்னையிலும் விரைவாகச் சுழல்கின்றது. இவ்வோசையைக் கேட்டதும் சாவியிலிருந்து கையை எடுத்துவிடல் வேண்டும். எஞ்சினின் ரைமிங் பெல்ற் அறுந்திருத்தல் பெரும்பாலும் உறுதி. அதன்பின் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும், இதுவரை கெடாதிருந்த உறுப்பொன்றைக் கெடுக்கும் முயற்சியாகவே முடியும்.

இம்மலரிற் கல்லூரியின் வரலாற்றையும் ஆசிரியப் பெருமக்களின் தொண்டினையும் எழுதுவார் பலர் உளர். அப்பணியை அவர்க்கு விடுத்து, அன்று பௌதிக ஆய்வுகூடத்தில் நெம்புகோலையும் கப்பியையும் வைத்துக்கொண்டு நாம் பயின்றவை இன்று வீட்டு முற்றத்திற் பயன்படும் வகையொன்றை யாம் கூற விழைகின்றோம்.

பயனும் சிறிதன்று. 2020 மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி மீண்டும் திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளிலும் பழைய வண்டிகளே குடும்பங்களைச் சுமந்தன. இன்றும் பல வீடுகளில் அவையே சுமக்கின்றன. எம் அயலில் வாடகைக்கு வண்டியோட்டிப் பிழைக்கும் அன்பர் ஒருவருக்குப் பெல்ற் அறுந்த அன்று மாலையே, எஞ்சினின் மூடியைக்கூடக் கழற்றிப் பாராமல், "எஞ்சின் முடிந்தது, வேறு எஞ்சின் போடவேண்டும்" என்று தீர்ப்புக் கூறப்பட்டது. அவர் மனைவியின் நகையை அடகு வைக்கும் எண்ணத்தோடு எம்மிடம் வந்தார். திறந்து பார்த்தபொழுது வளைந்திருந்தவை நான்கு வால்வுகள் மட்டுமே. எஞ்சின் முடிந்ததா இல்லையா என்பது கூறப்படவேண்டிய தீர்ப்பன்று. அளந்து அறியப்படவேண்டிய உண்மை. அவ்வாறு அளந்தறியும் முறையே இக்கட்டுரையின் பொருள். பெல்ற்றை மாற்றுவது அதன் பின்னர் வரும் வேலை.

முதலிற் பெல்ற் என் செய்கின்றது என்பதைக் காண்போம். நான்கடிப்பு எஞ்சினிற் கீழே கிராங்க் ஷாப்ற்றும், மேலே ஹெட் எனப்படும் தலைப்பாகத்திற் காம் ஷாப்ற்றும் இருக்கின்றன. கிராங்க் ஷாப்ற் பிஸ்ரன்களை ஏற்றி இறக்குகின்றது. காம் ஷாப்ற் வால்வுகளைத் திறந்து மூடவிடுகின்றது. உள்ளெடுத்தல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு அடிப்புக்களும் முடிவதற்குக் கிராங்க் ஷாப்ற் இருமுறை சுற்றவேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை மட்டும் திறக்கவேண்டும். ஆதலின் காம் ஷாப்ற் சரியாகப் பாதி வேகத்திற் சுழலும். மேலுள்ள பற்சில்லிற் கீழுள்ளதைவிட இருமடங்கு பற்கள் இருப்பது இதன்பொருட்டே. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்பொழுது ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனுக்கு 25 முறை திறந்து மூடுகின்றது. இவ்விரு ஷாப்ற்றுக்களையும் பிரிக்காமற் பிணைத்து நிற்பது விரலளவு அகலமுள்ள ஒரு பல்வார். அதுவே ரைமிங் பெல்ற்.

நம் வீடுகளில் ஒரே உரலில் இருவர் நின்று மாறிமாறி உலக்கை போட்டு மாவிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் உலக்கை எழும்பொழுது மற்றவர் உலக்கை விழும். இருவரும் அவ்வொரே குழியைப் பயன்படுத்துகின்றனர்; ஆயினும் உலக்கைகள் மோதுவதில்லை. தாளம் தப்பினாலோ மோதும். சிலிண்டரின் மேற்பகுதியும் அத்தகைய குழியே. வால்வு கீழிறங்கித் திறக்கும்பொழுது பிஸ்ரன் விலகியிருக்கும். பிஸ்ரன் உச்சிக்கு வரும்பொழுது வால்வு மூடியிருக்கும். பெல்ற் அறுந்தவுடன் காம் ஷாப்ற் நின்ற நிலையிலே நின்றுவிடுகின்றது. சில வால்வுகள் திறந்தபடியே தொங்குகின்றன. ஓடிக்கொண்டிருந்த வண்டியின் உந்தமோ கிராங்க் ஷாப்ற்றை இன்னுஞ் சிறிது நேரம் சுழற்றும். மேலெழும் பிஸ்ரன் திறந்து நிற்கும் வால்வை முட்டுகின்றது. வால்வின் தண்டு மெல்லியது, அது வளைகின்றது.

எல்லா எஞ்சின்களிலும் இவ்வாறு நிகழும் என்று கொள்ளற்க. சிலவற்றில் வால்வு முழுதும் திறந்து நிற்பினும் பிஸ்ரன் அதனைத் தொடாதபடி இடைவெளி விடப்பட்டிருக்கும். ரொயோட்டா கொறொலாவில் வந்த 4ஏ-எவ்ஈ, 5ஏ-எவ்ஈ என்னும் பெற்றோல் எஞ்சின்கள் இவ்வகையின. அவற்றிற் பெல்ற் அறுந்தாற் புதிய பெல்ற்றை அடையாளந் தப்பாமற் பூட்டினால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஹொண்டா சிவிக்கின் 1990களின் எஞ்சின்கள் முட்டும் வகையின. டீசல் எஞ்சின்களின் நிலை இன்னும் கடினமானது. அவற்றில் அமுக்கல் விகிதம் மிகுதியாதலால் உச்சியில் இடைவெளி மிகக் குறைவு. மிற்சுபிசியின் 4டி56 என்னும் டீசல் எஞ்சினில் இம்மோதலின்போது வால்வுகளை அமுக்கும் றொக்கர் கைகள் முறிந்துபோகும். அவை முறிவதனாலேயே வால்வுகள் பலமுறை தப்பிவிடுகின்றன. வீட்டில் ஒருவர் அடியை வாங்கி மற்றவரைக் காப்பது போல என்க. வண்டி எவ்வகை எஞ்சினையுடையது என்பதை முதலில் அறிதல் நன்று. சில வண்டிகளுக்குப் பெல்ற்றே இல்லை, சங்கிலிதான் உண்டு. நம் வீதிகளில் மலிந்துள்ள விற்ஸ், பிற் ஆகிய சிறு வண்டிகள் அவ்வகையின.

சங்கிலியே முன்னையது. நம் தந்தையர் காலத்து மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளின் எஞ்சினிற் காம் ஷாப்ற் கீழே கிராங்க் ஷாப்ற்றின் அருகிலேயே இருந்தது. ஒரு சிறு சங்கிலி போதுமானதாயிற்று. எண்ணெயில் நனைந்து ஓடிய அச்சங்கிலி பழுதாகுமுன் கலகலவென ஓசை செய்து எச்சரித்தது. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், சிறிது பெற்றோலைக் கொண்டு இயக்கிவைத்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியவையும் இத்தகைய எஞ்சின்களே. அவற்றை வேப்பமர நிழலிலே கழற்றிப் பூட்டிய கைகள் நம்மிடையே இன்னும் உள. காம் ஷாப்ற் தலைப்பாகத்துக்கு ஏறியபின் நீண்ட சங்கிலி தேவைப்பட்டது. அது விலை கூடியது, இரைச்சலுமுடையது. 1960களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் டிங்கொல்பிங் நகரத்துக் கிளாஸ் நிறுவனம் தன் 1004 என்னும் சிறு வண்டியிற் பல்வாரைப் பயன்படுத்தியது. 1966 இல் இத்தாலியின் பியற்றும் அமெரிக்காவின் பொன்ரியாக்கும் அவ்வழி சென்றன. அமைதியும் மலிவும் வந்தன. எச்சரிக்கும் ஓசை போயிற்று.

பெல்ற் இறப்பராலானது, உள்ளே கண்ணாடி இழை நாண்கள் ஓடுகின்றன, பற்களின்மேல் நைலோன் துணி போர்த்தப்பட்டிருக்கும். இது தேய்ந்து அறுவதைவிட முதுமையாலும் எண்ணெயாலும் அறுவதே மிகுதி. யப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 100,000 கிலோமீற்றர் என்பது மாற்றுங் கணக்கு. ஆனால் ஆண்டுக் கணக்கும் உண்டு. வண்டி ஓடாமல் நின்றாலும் இறப்பர் முதுமையடைகின்றது. கிராங்க் ஷாப்ற்றின் எண்ணெய்த் தடுப்பு வளையம் கசிந்தாலும், நீர்ப்பம்பி கசிந்தாலும், பம்பியின் போல் பெயரிங் இறுகினாலும் பெல்ற் காலத்துக்கு முன்னரே போய்விடும். ஆதலின் அறுந்த பெல்ற்றைக் கையில் எடுத்ததும் அதனை எறிந்துவிடாமல் உற்றுநோக்குதல் வேண்டும். எண்ணெய் ஊறி வீங்கியிருக்கின்றதா, பற்கள் ஓரிடத்திற் சேர்ந்து உரிந்திருக்கின்றனவா, ஓரம் நார்நாராக உராய்ந்திருக்கின்றதா என்பன காரணத்தைச் சொல்லும். காரணத்தைத் தீர்க்காமற் புதிய பெல்ற் பூட்டுபவர் அதே வேலையை மீண்டுஞ் செய்வார்.

இனி முற்றத்துக்கு வருவோம். விளக்கத்துக்காக 1990களின் ஹொண்டா சிவிக்கில் வந்த ஒற்றைக் காம் ஷாப்ற், பதினாறு வால்வு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். வேறு எஞ்சின்களில் உறுப்பின் இடமும் அளவும் மாறும், முறை மாறாது.

வண்டியை உயர்த்துவதில் நம் ஊர் மணல் நிலம் பெரும் பகைவன். ஜாக்கியின் கீழே தடித்த பலகை வைக்கவேண்டும். உயர்த்தியபின் இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இருத்தவேண்டும். சீமெந்துக் கற்களை அடுக்கி வண்டியைத் தாங்கவைப்பாரைப் பலமுறை கண்டிருக்கின்றோம். அக்கல் முன்னறிவித்தலின்றி நொறுங்கும் இயல்பினது. அதன்மேல் நிற்கும் வண்டியின் கீழே தலையை நீட்டுதல் ஆகாது. கழற்றிய சில்லை வண்டியின் ஓரத்துக்குக் கீழே படுக்க வைப்பது மேலுமொரு காவல். எஞ்சின் நன்கு ஆறியிருத்தல் வேண்டும். பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றிவிடவேண்டும்.

பெல்ற் அறுந்ததை உறுதிப்படுத்த எதையும் பெரிதாகக் கழற்றவேண்டியதில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே நோக்க, மற்றொருவர் கிராங்க் ஷாப்ற்றைச் சாவியாற் கையினால் மிகச் சிறிதளவு அசைக்கட்டும். உள்ளே எதுவும் அசையாவிடின் ஐயம் நீங்கும். அசைக்கும்பொழுது தடையொன்று தட்டுப்பட்டால் அவ்விடத்தே நிறுத்தவேண்டும். வலிந்து திருப்பலாகாது, முட்டி நிற்பது வால்வாக இருக்கலாம்.

பின்னர் இடப்பக்க முன்சில்லு, டைனமோவின் பட்டி முதலான வெளிப்பட்டிகள், வால்வு மூடி, மேல் மூடி ஆகியவற்றைக் கழற்றுக. எண்ணெய்த் தட்டின் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கிக்கொண்டு, இடப்பக்க எஞ்சின் தாங்கியைக் கழற்றல் வேண்டும். அடுத்துக் கிராங்க் ஷாப்ற்றின் கப்பியை இறுக்கியுள்ள ஆணி. முற்றத்து வேலையில் மனிதரை மிகக் களைக்கச் செய்வது இதுவே. சிலர் நீண்ட சாவியை ஆணியிற் பூட்டித் தரையில் முட்டவைத்து, ஸ்ராற்றரை ஒரு கணம் இயக்கி ஆணியைத் தளர்த்துவர். அது எவ்வெஞ்சினிலும் இடருடையது, இவ்வெஞ்சினிலோ பயனுமற்றது. ஏனெனின் இவ்வகை ஹொண்டா எஞ்சின், கப்பியின் பக்கத்திலிருந்து பார்த்தால், மற்ற எஞ்சின்களைப்போலன்றி இடஞ்சுழியாகச் சுற்றும். சாவி நிலையாக நிற்க எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றினால் ஆணி மேலும் இறுகுமேயன்றித் தளராது. கப்பியின் நடுவிலுள்ள அறுகோணக் குழியைப் பற்றும் கருவியை இரவல் வாங்கி, நீண்ட குழாயை நெம்புகோலாகக் கொண்டு இருவராகத் திருப்புவதே முறை. நெம்புகோலின் நீளம் இருமடங்காயின் வேண்டிய விசை பாதியாகும் என்று கரும்பலகையில் எழுதிய பாடம் இவ்விடத்தே உதவும்.

மூடிகள் நீங்கியதும் மிக முக்கியமான ஒரு செயலைச் செய்தல் வேண்டும். பெல்ற் இல்லாத நிலையிற் காம் ஷாப்ற்றை நினைத்தபடி திருப்பினாற் கெடாத வால்வுகளும் கெடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதலாம், நான்காம் பிஸ்ரன்கள் உச்சியில் நிற்கும்பொழுது இரண்டாம், மூன்றாம் பிஸ்ரன்கள் அடியில் நிற்கும். அந்நிலையிலிருந்து கால் சுற்றுத் திருப்பினால் நான்கும் ஏறத்தாழ நடுவழியில் நிற்கும். எவ்வால்வும் எப்பிஸ்ரனையும் தொடமாட்டாது. ஆகவே பிளக்குகளைக் கழற்றி, முதலாம் சிலிண்டரின் துளையில் மெல்லிய மரக்குச்சியை விட்டுப் பிஸ்ரனின் நிலையைக் கண்டு, நான்கையும் நடுவில் நிறுத்துக. இப்பொழுது காம் ஷாப்ற்றை அச்சமின்றித் திருப்பி, அதன் பற்சில்லிலுள்ள மேல்நோக்கிய அடையாளம் மேலேயும், இருபுறக் கோடுகள் தலைப்பாகத்தின் மேற்றளத்தோடு ஒரே மட்டத்திலும் நிற்கச் செய்யலாம். பின்னர் கிராங்க் ஷாப்ற்றைக் கால் சுற்று மெல்லத் திருப்பி அதன் அடையாளத்துக்குக் கொணர்ந்தால், முதலாம் சிலிண்டர் அமுக்கலின் உச்சியில், இரு வகை வால்வுகளும் மூடிய நிலையில் நிற்கும். அவ்வாறே பெல்ற்றைப் பூட்டி, கையினாலேயே இரு சுற்று மெல்லத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

இப்பொழுதே அளந்தறியும் நேரம் வருகின்றது. முதற்சான்று றொக்கர் இடைவெளி. வால்வு வளைந்திருந்தால் அது தன் இருக்கையில் முழுதும் சென்று அமராது. கீழே சிறிது தொங்கும். ஆகவே றொக்கருக்கும் வால்வின் முனைக்கும் இடையே இடைவெளி மிகுதியாகும். உள்ளெடுக்கும் வால்வுக்கு 0.18 முதல் 0.22 மில்லிமீற்றர், வெளியேற்றும் வால்வுக்கு 0.23 முதல் 0.27 மில்லிமீற்றர் என்பது இவ்வெஞ்சினின் அளவு. ஆறிய எஞ்சினில், அவ்வச் சிலிண்டர் அமுக்கலின் உச்சியில் நிற்கும்பொழுது பார்க்கவேண்டும். பதினைந்து வால்வுகள் இவ்வளவில் நிற்க ஒன்றுமட்டும் மில்லிமீற்றர்க் கணக்கில் விலகியிருந்தால் அதனைப்பற்றி வாதம் வேண்டியதில்லை.

இரண்டாஞ் சான்று வளிச் சோதனை. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெறிந்து, எஞ்சிய உலோகக் கூட்டில் வளிக்குழாயொன்றைப் பொருத்தினாற் சோதனைக் கருவி ஆயிற்று. ரயருக்கு வளியடிக்கும் பம்பியே போதும். ஒரு சிலிண்டரை அமுக்கலின் உச்சியில் நிறுத்தி வளியைச் செலுத்துக. அமுக்கம் பிஸ்ரனைத் தள்ளக்கூடுமாதலின் கிராங்க் ஷாப்ற்றில் சாவியை விட்டுவைத்தல் கூடாது, விரல்களையும் விலக்கிக்கொள்க. பின்னர் செவிகொடுத்துக் கேளுங்கள். வளி உள்ளெடுக்கும் வாயிலில் இரைந்தால் உள்ளெடுக்கும் வால்வு வளைந்தது. வாற்குழாயில் இரைந்தால் வெளியேற்றும் வால்வு. எண்ணெய் மூடியில் மெல்லென வருவது பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிவரும் வளி. சிறிதளவு எல்லா எஞ்சினிலும் உண்டு. ரேடியேற்றரிற் குமிழி எழுந்தாற் காஸ்கெற் போயிற்று. 1, 3, 4, 2 என்னும் எரியும் ஒழுங்கில், கிராங்க் ஷாப்ற்றை அரைச் சுற்றாகத் திருப்பி நான்கு சிலிண்டர்களையும் இவ்வாறே சோதித்துக் கடதாசியில் எழுதிக்கொள்க. இருமணி நேர வேலை. நான்கும் வளியைத் தாங்கினால் தலைப்பாகத்தைத் தொடவே வேண்டாம். எஞ்சின் முடிந்தது என்று சொல்பவர் முன் வைக்கத்தக்கது இக்கடதாசியே.

இரைச்சல் கேட்டதாயின் தலைப்பாகம் கழல வேண்டும். குளிர்நீரை வடித்து, குழாய்களையும் கம்பிகளையும் பெயர் எழுதிய துணிப்பட்டியாற் கட்டி அடையாளமிட்டு, உள், வெளி வாயு வழிகளை விலக்கியபின், பத்துத் தலையாணிகளையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தல் வேண்டும். தலைப்பாகம் அலுமினியத்தாலானது. சூட்டோடு கழற்றினாலும், ஓர் ஆணியை முழுதும் கழற்றிப் பின் மற்றதற்குச் சென்றாலும் கோணிவிடும். ஆணியின் வரிசையை மாற்றாமலிருக்க, அட்டைப் பெட்டியில் தலைப்பாகத்தின் படம் வரைந்து துளையிட்டு அவ்வவ்விடத்தில் ஆணிகளைக் குத்திவைப்பது எம் வழக்கம்.

பிஸ்ரன்களின் முகத்தைப் பார்த்தாற் பிறைவடிவச் சுவடுகள் தெரியும். நகம் தடுக்கும் அளவுச் சிறு சுவடு தீங்கற்றது. வெடிப்போ ஆழமான குழியோ இருந்தால் மட்டுமே பிஸ்ரனைக் கழற்றவேண்டும். அது முற்றத்து வேலையன்று. மெதுவாக ஓடிய வண்டியில் அவ்வாறு நேர்வது அரிது.

தலைப்பாகத்தைக் கவிழ்த்து, பிளக்குகளைப் பூட்டி, எரியும் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் விடுக. வளைந்த வால்வின் வழியே அது ஒழுகிவிடும். வளையாத வால்விலும் சிறிது கசியலாம். அதற்கு உரைத்தல் போதும். வில்லை அமுக்கும் கருவியால் வால்வுகளைக் கழற்றுகையில், கோதுமை மணியளவான இரு பூட்டுத் துண்டுகள் துள்ளிப் பறக்கும். நிலத்திற் பழஞ்சேலை விரித்துக்கொள்வது அறிவு. முட்டை வைக்கும் அட்டையில் எண்ணிட்டு ஒவ்வொரு வால்வையும் தன் வில்லோடும் பூட்டோடும் வைக்கவேண்டும். கண்ணாடித் தட்டின்மேல் தண்டை உருட்டிப் பார்த்தால் வளைவு தலையின் தள்ளாட்டத்தில் தெளிவாகத் தெரியும். வளைந்ததை நிமிர்த்த முயலுதல் கூடாது. நிமிர்த்திய வால்வு பின்னொருநாள் தலை முறிந்து சிலிண்டருள் விழுமாயின் அன்று எஞ்சின் உண்மையாகவே முடியும். கடையில் பழைய வால்வு மலிவாகக் கிடைக்கின்றதெனினும் புதியதே வாங்குக.

வளைந்த வால்வு இருந்த குழலையும் பார்க்கவேண்டும். புதிய வால்வை அதில் இட்டுச் சிறிது வெளியே இழுத்து இருபுறமும் ஆட்டும்பொழுது தளர்ச்சி தோன்றினாலோ குழலின் ஓரம் வெடித்திருந்தாலோ அக்குழலை மாற்றல் வேண்டும். குழல் மாற்றுதல், இருக்கை வெட்டுதல், தளம் சீவுதல் ஆகிய மூன்றும் கடைசற் பட்டறைக்கு உரியன. தளத்தை அடிமட்ட விளிம்பாலும் இடைவெளித் தகடாலும் நாமே அளக்கலாம், 0.05 மில்லிமீற்றருக்குட்பட்ட கோணல் விடத்தக்கது, 0.2 வரை சீவத்தக்கது. அளந்த எண்ணைக் கையிற் கொண்டு பட்டறைக்குச் செல்பவரிடம் வேண்டாத வேலைக்குக் கூலி கேட்பார் இலர்.

உரைத்தல் வீட்டிற் செய்தற்குரிய வேலை. பொறுமையுள்ளவர்க்கு இன்பமும் தருவது. வால்வின் முகத்தில் உரைபசையை மெல்லப் பூசி, உறிஞ்சு கோலாற் பிடித்து, இரு கைகளுக்கிடையே தயிர் கடையும் மத்தைப்போல முன்னும் பின்னும் சுழற்றுக. இடையிடையே தூக்கிச் சிறிது திருப்பி வைக்க. சாம்பல் நிறமான வளையமொன்று எங்கும் அறாமல் வால்விலும் இருக்கையிலும் தோன்றல் வேண்டும். இவ்வெஞ்சினில் இருக்கையின் அகலம் 1.25 முதல் 1.55 மில்லிமீற்றர். மிகுதியாக உரைத்து இருக்கையை அகலமாக்குதல் கேடு. வளையம் நிறைந்ததும் நிறுத்துக. பசையை மண்ணெண்ணெயாலும் பின் சோப்பு நீராலும் முற்றாகக் கழுவவேண்டும். ஒரு கடுகளவு பசை எஞ்சினாலும் அது எண்ணெயோடு சென்று பெயரிங்குகளைத் தின்னும். தண்டின் எண்ணெய்த் தொப்பிகள் யாவும் புதியனவாதல் வேண்டும். மீண்டும் மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்தபின்னரே தலைப்பாகத்தை ஏற்றவேண்டும்.

ஏற்றுமுன் எஞ்சின் உடலிலுள்ள ஆணிக்குழிகளைத் துணியால் ஒற்றி உலர்த்துக. குழியின் அடியில் நீரோ எண்ணெயோ தங்கியிருக்க ஆணியை இறுக்கினால், திரவம் அமுங்காதாதலின் குழியே வெடித்துவிடும். பாஸ்கால் விதியை இவ்வளவு விலைகொடுத்து மீண்டும் கற்கவேண்டியதில்லை. புதிய காஸ்கெற் வைத்து, கிராங்க் ஷாப்ற்றும் காம் ஷாப்ற்றும் தத்தம் அடையாளத்தில் நிற்கத் தலைப்பாகத்தை இறக்கி, ஆணிகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பல படிகளாக இறுக்குக. நடுவிலிருந்து தொடங்குவது ஏனெனின், பாய் விரிப்பவர் சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளுவதுபோலக் காஸ்கெற்றின் தளர்ச்சியும் வெளியே தள்ளப்படவேண்டும். எத்தனை இறாத்தல்-அடி என்பதைக் கைந்நூலிற் பார்த்தே இறுக்கவேண்டும். ஒரே பெயருடைய வண்டிக்கும் ஆண்டு மாறினால் அளவு மாறுகின்றது. அளவு காட்டும் சாவி இல்லாமல் கைப்பழக்கத்தால் இறுக்குவதை யாம் ஏற்பதில்லை. அனுபவசாலிகளின் கைகளும் ஒரே நாளிற் காலையும் மாலையும் வேறுபடும்.

பெல்ற்றோடு இழுவைச் சில்லும் நீர்ப்பம்பியும் காம், கிராங்க் ஷாப்ற்றுக்களின் எண்ணெய்த் தடுப்பு வளையங்களும் புதியனவாகட்டும். கிராங்க் சில்லு, இழுவைச் சில்லு, நீர்ப்பம்பி, காம் சில்லு என்னும் ஒழுங்கிற் பெல்ற்றை ஏற்றுக. கூரிய கருவியால் நெம்பலாகாது. மடித்து முறுக்கலுமாகாது, கண்ணாடி நாண்கள் உள்ளே முறியும். பின் எஞ்சினை இடஞ்சுழியாகவே கையால் ஐந்தாறு சுற்றுத் திருப்பி அடையாளத்துக்குக் கொணர்ந்து, இழுவை ஆணியைத் தளர்த்தி, காம் சில்லில் மூன்று பற்கள் செல்லுமளவு இடஞ்சுழியாகத் திருப்பி, அவ்வாணியை இறுக்குக. மீண்டும் இரு சுற்றுச் சுற்றி அடையாளங்களை ஒப்புநோக்குக. ஒரு பல் தவறினும் விளைவு சிறிதன்று. காம் சில்லில் 40 பற்கள் எனக் கொண்டால் ஒரு பல் 9 பாகை. கிராங்க் ஷாப்ற்றில் அது 18 பாகை. அவ்வளவு பிந்திய வால்வோடு எஞ்சின் இயங்கினாலும் ஏறும் வலுவிருக்காது. வளிச் சோதனையை இப்பொழுது மீண்டும் செய்து முன்னைய கடதாசியோடு ஒப்பிடலாம். அமுக்கமானி கிடைத்தால் ஒவ்வொரு சிலிண்டரும் சதுர அங்குலத்துக்கு 135 இறாத்தலுக்குக் குறையாமற் காட்டவேண்டும்.

றொக்கர் இடைவெளிகளைச் சரிசெய்து, கழற்றிய ஒழுங்கின் மறுதலையாக யாவற்றையும் பூட்டுக. தலைப்பாகம் கழன்றபொழுது எண்ணெயிற் குளிர்நீர் சிந்தியிருக்குமாதலால் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றாமல் இயக்கலாகாது. குளிர்நீரை நிரப்பும்பொழுது உள்ளே வளி தங்காதபடி வெளியேற்றும் ஆணியைத் திறந்துவைக்க. முதல் இயக்கத்தில் ஓரிரு நிமிடம் வால்வுகள் தட்டும் ஓசையோ பழைய எண்ணெய் கருகும் புகையோ தோன்றலாம். விசிறி தானாக ஓடி நிற்கும்வரை எஞ்சினை வீட்டு வாசலிலேயே ஓடவிட்டு, கசிவைப் பார்த்து, அதன்பின் வீதிக்கு எடுங்கள். இனி அப்பெல்ற்றை எப்பொழுது மாற்றவேண்டும் என்பதை நினைவிலிருத்த, பூட்டிய நாளையும் மீற்றர் காட்டிய கிலோமீற்றரையும் அழியாத மையால் எழுதிப் பெல்ற்றின் மேல் மூடியிலே ஒட்டிவைக்க. நாளை வண்டியை வாங்குபவருக்கும் அது பயன்படும்.